தாலாட்டுக்கு ஒரு வயிறு

மாடலாக வருகிறேன் என்ற ஆள் மதியம் இரண்டு மணி வரை வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனிக்கு அச்சு மேஸ்திரி அர்ச்சுனன். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாலு மணிக்கு மகள் கனிமொழியைப் பெண் பார்க்க வருகிறார்கள். சென்னையிலிருந்து வந்திருக்கும் பூர்ணிமாவின் வேலை முடியாமல் கிளம்பவும் முடியாது.

பூர்ணிமா மனித உடம்புகளை அச்செடுத்து, மண்ணில் வார்த்து, சூளையில் சுட்டு, அவற்றைத் தட்டிக் கச்சேரி செய்கிற கலைஞர்.

"பொம்பள முதுகு பறை மாதிரி அதிரணும் அண்ணே. ஆம்பள வயித்தத் தட்டித் தாலாட்டுப் பாடணும். அதுக்கு நல்ல வயிறா ஒண்ணு வேணும்."

நல்ல வயிறு என்றதும் அங்கிருந்த எல்லோரும் அர்ச்சுனனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, என்னையே எடுங்க. அரை மணி நேரந்தான?"

"நெஞ்சு முடிய மழிச்சிட்டு வாசலின் தடவிக்கங்க."

"முடிய எடுக்கறதா? ஆம்பளைக்கு அதாம்மா லட்சணம். சும்மா ஊத்துங்க!"

ஊற்றினார்கள். பிளாஸ்டர் சூடேறி இறுகியது. கழற்ற இழுத்தபோது அர்ச்சுனன் போட்ட கூச்சலில் அடுத்த ஷெட்டிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். நெஞ்சு முதல் தொப்புளுக்குக் கீழே வரை ஒவ்வொரு முடியையும் பிளாஸ்டர் கவ்விக்கொண்டிருந்தது.

வர்ணம் தீட்டும் அமிர்தம் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். எண்ணெய் பிளாஸ்டருக்குள் போகவில்லை. வழுக்கிக்கொண்டு பேண்ட்டுக்குள் போனது.

"சுடுதண்ணியில ஊற வச்சாதான் வரும். மூணு மணி நேரமாவது ஆகும்" என்றார் பூர்ணிமா, பாவமாக.

மணி மூன்றரை. சட்டையில் ஒரு பித்தான்கூட எட்டவில்லை. பேண்ட்டைப் பார்த்தால் யாரும் எண்ணெய் என்று நம்ப மாட்டார்கள். கடைசியில் அமிர்தத்தின் நைட்டிதான் நுழைந்தது. தலையில் துண்டு, மீசையை மறைக்க மாஸ்க். ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோக்காரர் பழமலைநாதன் நல்ல மனுஷன். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

"எத்தினி மாசங்க அக்கா?"

அர்ச்சுனன் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். வேகத்தடையில் ஆட்டோ குதித்தது. பத்திருபது முடி ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"அய்யய்யோ அம்மா!"

"வலி வந்துடுச்சா? பயப்படாதீங்க!" என்று வண்டியைத் திருப்பியவர், நேராகப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார். "ஸ்ட்ரெச்சர், ஸ்ட்ரெச்சர்!" என்று கத்தியபடி உள்ளே ஓடினார். அவர் திரும்புவதற்குள் அர்ச்சுனன் நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டில் ஓடினார். நிறைமாத வயிற்றோடு ஒருவர் ஓடுவதைப் பார்த்து ஒரு டவுன் பஸ் தானாகவே நின்றது. மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் பின்பக்கமாக நுழைந்து சமையலறை வழியாகப் படுக்கையறைக்கு நழுவப் பார்த்தார். மாப்பிள்ளை சேரனின் அம்மா சரியாக அப்போதுதான் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள்.

"இவங்க யாருங்க?"

அர்ச்சுனனின் மனைவி கமலத்துக்கு அந்தக் கண்களை அடையாளம் தெரிந்துவிட்டது. மூளை ஒரு கணம் நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"எங்க நாத்தனாருங்க. மங்கலம்பேட்டையில இருந்து வந்திருக்காங்க."

"இந்த நேரத்துல நிக்கலாமா? வந்து உக்காருங்கம்மா" என்று கைத்தாங்கலாகக் கூடத்துக்கு அழைத்துப்போய், தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள் அந்த அம்மாள். அன்பாக வயிற்றில் கை வைத்தாள். டொக்கென்றது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் டொக்.

"ரொம்ப இறுகியிருக்குதே!"

கனிமொழி காபித் தட்டோடு வந்தாள். 'இதோ வரேன்' என்ற சேரனின் அப்பா மட்டும் இன்னும் வாசலில் காரிலேயே இருந்தார். சேரன் அவளைப் பார்த்த பார்வையிலும், அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்த சிரிப்பிலும் காரியம் முடிந்துவிட்டதென்று தெரிந்தது. அர்ச்சுனனுக்குக் கண் கலங்கியது.

"பொண்ணப் புடிச்சிருக்குது. ஆனா பொண்ணோட அப்பா இல்லாம என்னாத்தப் பேசறது? ஒரு நல்ல நாளும் அதுவுமா வூட்டுல இல்லாத மனுஷன நம்பி எப்பிடிங்க சம்பந்தம் வைக்கிறது?" என்று எழுந்தாள் சேரனின் அம்மா.

கனிமொழியின் முகம் வாடியது. அதற்குமேல் அர்ச்சுனனால் தாங்க முடியவில்லை. துண்டை உருவினார். மாஸ்க்கைக் கழற்றினார். மீசை வெளியே வந்தது.

"நாந்தாங்க பொண்ணோட அப்பா. கம்பெனிக்கு ஒரு ஆர்டிஸ்ட் அம்மா வந்திருக்காங்க. வயித்த அச்சு எடுக்கறேன்னு..." நைட்டிக்கு மேலேயே தட்டிக் காட்டினார். டொக், டொக்.

கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சேரனின் அம்மா வாசல் பக்கம் பார்த்தாள்.

வாசலில் அவர்களுடைய வாடகைக் கார் டிரைவர் அர்ச்சுனனின் வயிற்றையே பார்த்துவிட்டுக் கமலத்திடம் திரும்பினான்.

"யக்கா, இன்னொரு நைட்டி இருந்தா குடுங்களேன். அந்த ஆர்டிஸ்ட் அம்மா காலையில மாப்பிள்ளையோட அப்பா கம்பெனிக்கும் வந்து அவரு வயித்துலயும் ஊத்திட்டாங்க, மனுஷன் கார விட்டு இறங்க மாட்டேங்கறாரு."