கோணேசன் கட்டிய ஸ்கோர்ட்

இக்காஸ்ட் என்ற டேனிஷ் ஊரின் துணி ஆலைக் கழிவறையில் கோணேசன் தன் ஒரேயொரு நல்ல காற்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் அது சாம்பல் நிறமாக இருந்தது. இப்போது இடுப்பிலிருந்து முழங்கால் வரை நல்ல நீலம்.

"ஐயோ தம்பி, இதென்ன கோலம்?" என்று கேட்டார் நீக்கிலாஸ். ஆலையின் சாயப் பகுதியில் கூட வேலை செய்கிறவர்.

"சாய வாளி கவிண்டு போச்சண்ணை. மேலங்கியும் ஊறி, உள்ளுக்கை இதுவும் ஊறிப் போச்சு."

"ஆர் உன்னை வேலைக்கு நல்ல காற்சட்டையோடை வரச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கோணேசனுடைய பதற்றம்தான் சொன்னது. வேலை முடிந்த கையோடு நூல்நிலைய மண்டபத்துக்குப் போக வேண்டும். கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு பாராளுமன்ற உறுப்பினர் அம்மா வருகிறார். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் தமிழர்களின் குறையைக் கேட்கப் போகிறார். தலைநகரத்தில் அந்த விண்ணப்பங்கள் மாதக்கணக்காக அசையாமல் கிடந்தன. ஏன் என்று கேட்டால் பொறுங்கள் என்பார்கள். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று கேட்டால் அதற்கும் பொறுங்கள் என்பார்கள்.

கோணேசனின் மனைவி தங்கராணி கொழும்பில் ஒரு சொந்தக்காரரின் பின் அறையில், கட்டிய பெட்டியை அவிழ்க்காமல் இரண்டு வருடமாக இருக்கிறாள். அவளுக்காகப் பேசக் கோணேசனுக்கு மண்டபத்தில் இரண்டே இரண்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள். அதற்கென்று நாலு டேனிஷ் வசனங்களை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பாடமாக்கி வைத்திருந்தான். இந்த இரண்டு நிமிடத்தை விட்டால் இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"சுடுதண்ணியிலை சோப்புப் போட்டுக் கசக்கு. கழண்டிடும்" என்றார் நீக்கிலாஸ்.

கசக்கினான். நீலம் கழலவில்லை. முழங்காலோடு நின்றது கணுக்கால் வரைக்கும் இறங்கியது.

"பரவாயில்லை. முழுக்க நீலமெண்டால் நீலக் காற்சட்டைதானே? ஆர் கேக்கப்போறாங்கள்? காயப்போடு."

ஆலையின் பெரிய உலர்த்தியில் போட்டார்கள். அது கம்பளிக் காற்சட்டை என்பதை இரண்டு பேருமே மறந்துபோனார்கள். உலர்த்தி நின்று, கதவைத் திறந்து, கோணேசன் வெளியே எடுத்தபோது அது முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு அளவாக இருந்தது.

நீக்கிலாஸ் அதைத் தூக்கிப் பார்த்தார். "தங்கராணி வந்தாப் பிறகு, பிள்ளை குட்டி எண்டு வந்தால் உதவும்" என்றார்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. உங்கட காற்சட்டையைத் தாங்கோ."

"தாறன். ஆனா என்ரை வேலை இன்னும் முடியேல்லை. அதோடை இதுக்குள்ளை உன்னை மாதிரி ரெண்டு பேர் நிக்கலாம்."

அதுவும் உண்மைதான். கோணேசனின் வீடு பக்கத்து ஊரான ஹேர்னிங்கில். ரெயில் ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வந்தால் மண்டபத்தில் கதிரைகளைத்தான் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் மேற்பார்வையாளர் கியர்ஸ்டனிடம் போனார்கள். கோணேசன் இடுப்பில் ஒரு துவாயோடு போனான்.

கியர்ஸ்டன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மாதிரி உடுப்புகள் தொங்கும் அறைக்குப் போனாள். அங்கே இருந்தவை எல்லாம் பெண்களின் சட்டைகளும் குழந்தைகளின் பின்னலாடைகளும்தான். ஒரு மூலையில் மட்டும் சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட, மடிப்பு மடிப்பான ஒன்று தொங்கியது. ஸ்கொட்லாந்து வியாபாரி ஒருவருக்கு மாதிரிக்குத் தைத்தது.

அதை நீட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "தே எர் லிட் ஸ்கோர்ட், மென்..."

கோணேசனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். ஆங்கிலத்தில் ஸ்கேர்ட் என்றால் பாவாடை. டேனிஷில் ஸ்கோர்ட் என்கிறார்கள். லிட் என்றால் கொஞ்சம்; ஆக, சின்ன ஸ்கோர்ட் என்று சொல்கிறாள். அவ்வளவுதானே, பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. டேனிஷ் கஷ்டமான பாஷை என்று சொல்கிறவர்கள் மூளையைப் பாவிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"ஸ்கோர்ட்," என்றான் கோணேசன் தலையாட்டி. "நல்ல ஸ்கோர்ட். நன்றி."

கட்டிப் பார்த்தான். முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. மேலே கோட்டும் கழுத்துப்பட்டியும், கீழே ஆலையின் இரும்பு மூக்குச் சப்பாத்தும்.

"விஸ்கிப் போத்திலிலை நிக்கிற ஆள் மாதிரியே இருக்கிறாய்," என்றார் நீக்கிலாஸ். "ஸ்கொட்லாந்திலை பிரபுமார், மந்திரிமார் எல்லாம் இதுதானாம் கட்டுறது. வெக்கப்படாதை. போ."

"நான் ஏன் வெக்கப்படுறன்?" என்றான் கோணேசன். "திருகோணமலையிலை பிறந்த நாள் தொட்டுச் சாறம் கட்டினவன். இது தைச்ச சாறம். அவ்வளவுதான்."

அதைச் சொன்னபோது வீராப்பாகத்தான் சொன்னான். ஆனால் ஆலை வாசலைத் தாண்டியதும் ஒக்டோபர் மாதத்துக் காற்று கீழிருந்து மேலாக வந்து விசாரித்தது. சாறமென்றால் காற்று இவ்வளவு உரிமை எடுக்காது. கோணேசன் பல்லைக் கடித்து, நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

முதலில் எதிர்ப்பட்டவர் சைக்கிளில் வந்த ஒரு முதியவர். பிரேக் பிடித்து, காலை ஊன்றி நின்றார்.

"எர் டு ஸ்கோ?" என்று கேட்டார்.

நீ ஸ்கோவா என்று கேட்கிறார். பாவம், டேனிஷ்காரர் என்றாலும் சொல்லின் வாலை விழுங்குகிறார். கோணேசன் அன்பாகத் திருத்தினான்.

"ஸ்கோர்ட்," என்றான். "கடைசியில் ட் இருக்கிறது. ஸ்கோர்ட்ட்."

முதியவர் அவனுடைய மடிப்புகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார். முதல் கேள்விக்கு விடை சரியாகப் போய்விட்டது என்று கோணேசனுக்குத் தெம்பு வந்தது.

ரொட்டி சுடும் வெதுப்பகத்து வாசலில் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி நின்றாள். அவனைக் கண்டதும் கையைக் கன்னத்தில் வைத்தாள். "இந்தக் குளிரிலா? இது ஸ்கோர்ட்!"

"ஆமாம்," என்றான் கோணேசன், நின்று நிதானமாக, தெரிந்த அரைகுறை டேனிஷில். "எனக்கு மட்டும் இல்லை. எங்கள் நாட்டில் ஆண்கள் எல்லாரும் ஸ்கோர்ட். என் அப்பா ஸ்கோர்ட். அவருடைய அப்பா இன்னும் பெரிய ஸ்கோர்ட். வேலைக்குப் போகும்போது மறைப்போம். வீட்டுக்கு வந்தால் எல்லாரும் ஸ்கோர்ட்தான்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். கண் கலங்குவது போலத் தெரிந்தது. உள்ளே ஓடிப்போய்ச் சூடான பணிஸ் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்து, தோளில் தட்டினாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். காற்சட்டையோடு இதே கடைக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறான், ஒருநாளும் பணிஸ் சும்மா கிடைத்ததில்லை. உடுப்பில் என்ன இருக்கிறது என்று இனி யாரும் அவனிடம் கேட்கக் கூடாது.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது உள்ளே இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. முன் வரிசையில் பாராளுமன்ற உறுப்பினர் அம்மா. பக்கத்தில் கமெராவோடு ஒரு பத்திரிகைக்காரன். கோணேசனுக்கு முன்னால் நாலு பேர் பேசினார்கள். பாவம், எல்லாரும் நல்ல காற்சட்டையோடு வந்து, மொழிபெயர்ப்பாளர் தயவில் நீளமாகப் பேசினார்கள். அந்த அம்மா கவலையோடு தலையாட்டினார். ஆனால் கண் மட்டும் அடிக்கடி கோணேசனின் முழங்காலுக்கு வந்து வந்து போனது.

அவன் முறை வந்தது. கூட்டத்தை நடத்தியவர் அவனுடைய பெயரையும் அவன் மனைவி எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறாள் என்பதையும் சொல்லி அழைத்தார். "நான் டேனிஷிலேயே பேசுவேன்" என்று மொழிபெயர்ப்பாளரை அமரச் சொல்லிவிட்டுக் கோணேசன் எழுந்து போனான். நாலு வசனமும் நாக்கின் நுனியில் நின்றன.

முதலாவது வசனத்துக்கு வாய் திறக்குமுன் அந்த அம்மா முந்திக்கொண்டார். நீளமாக, கடகடவென்று ஏதோ கேட்டார். கோணேசனுக்குப் பிடிபட்டது வால் மட்டும்தான்: "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தான். அதுதானே! வேறு எதைக் கேட்கப் போகிறார்? சரி, இதை முடித்துவிட்டால் சனம் தங்கராணியின் கதையைக் கவனமாகக் கேட்கும்.

"இது ஸ்கோர்ட்," என்றான் கோணேசன் உரத்து.

அந்த அம்மா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"மேலிருந்து கீழ் வரை ஸ்கோர்ட். கண் உள்ள எல்லாருக்கும் தெரியும். நான் ஏன் மறைக்க வேண்டும்? வெளியே நிற்கிறவருக்கு இது சிரிப்பு. உள்ளே நிற்கிறவனுக்குக் குளிர். ஒருநாள் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் என்றால் ஒரு மனிதன் தாங்க மாட்டான்."

பத்திரிகைக்காரன் எழுந்து நின்று படம் எடுத்தான். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் கொப்பன்ஹேகனில் போய்ச் சொல்லலாமா?"

"சொல்லுங்கள்," என்றான் கோணேசன். நீக்கிலாஸ் சொன்னது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது. "வெட்கம் என்ன இருக்கிறது? பெரிய பெரிய மந்திரிமாரும் ஸ்கோர்ட்தானே!"

 அடுத்த கணம் மண்டபம் அதிர்ந்தது. கைதட்டினார்கள், மேசையில் தட்டினார்கள், ஒரு கிழவி எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்தாள். கைதட்டு ஓய்வதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. நாலு வசனமும் நாக்கிலேயே நின்றுவிட்டன.

திரும்பி வருகிற ரெயிலில் கோணேசனுக்கு அழுகை வந்தது. உள்ளதைச் சொன்னால், அழுதான். இரண்டு வருடமாகப் பெட்டியோடு இருக்கும் ஒருத்திக்காகப் போய், அவள் பெயரைக்கூடச் சொல்லாமல், பாவாடையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறான். தங்கராணிக்கு இதை எப்படிச் சொல்வது?

ஆனால் கோணேசன் அதிக நேரம் சோர்ந்திருக்கும் சாதி இல்லை. மறுநாள் பத்திரிகையில் கட்டம் போட்ட ஸ்கோர்ட்டோடு அவன் படம் வந்தது. தலைப்பிலும் பெரிய எழுத்தில் ஸ்கோர்ட்! ஆலையில் டேனிஷ்காரர்கள் வந்து கைகொடுத்தார்கள். கியர்ஸ்டன் அந்த ஸ்கோர்ட்டை அவனுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ஆக இந்தச் சனம் உடுப்புக்குத்தான் மதிப்புக் கொடுக்கிறது என்ற முடிவுக்கு அவன் வந்தான்.

அடுத்த வருடம் கொப்பன்ஹேகனில் முடிச்சு அவிழ்ந்தது. அதை அவிழ்த்தவர்கள் வேறு, காரணங்கள் வேறு. ஆனால் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்திறங்கத் தொடங்கியபோது, அதில் தன் ஸ்கோர்ட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கோணேசன் உறுதியாக நம்பினான்.

தங்கராணியும் வந்தாள். பெட்டியை அவிழ்த்தாள். வந்த கையோடு டேனிஷ் வகுப்புக்கும் போகத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீக்கிலாஸும் மனைவி றெஜினாவும் சாப்பிட வந்திருந்தார்கள். நண்டுக்கறியைக் கண்டதும் கோணேசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அலுமாரியிலிருந்து ஸ்கோர்ட்டை எடுத்துவந்து இடுப்பில் பிடித்துக் காட்டி, கதையை ஆதியோடந்தமாகச் சொன்னான். சைக்கிள்காரரைத் திருத்தியது, வெதுப்பகத்தில் சொன்னது, மண்டபத்தில் முழங்கியது, ஒன்றையும் விடவில்லை.

கறி பரிமாறிக்கொண்டிருந்த தங்கராணியின் அகப்பை நடு வழியில் நின்றது.

"இஞ்சாருங்கோ, மாமாவையும் ஸ்கோர்ட் எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம். அவரின்ரை அப்புவையும் சேர்த்துத்தான் சொன்னனான்."

"எங்கட நாட்டு ஆம்பிளையள் எல்லாரையும்?"

"ஓம். ஒருத்தரையும் விடேல்லை."

"மந்திரிமாரையும்?"

"ஓமெண்டுறன்! அதுக்குத்தான் உந்தக் கைதட்டு!"

தங்கராணி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமைதான் ரீச்சர் அந்தச் சொல்லைப் படிப்பிச்சவ," என்றாள். "ஸ்கோர்ட் எண்டால் பாவாடை இல்லையப்பா, விசர், பைத்தியம்."