வசதி உண்டு, திரையில் இல்லை

உப்பைப் பரண்மேல் வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தவர்களிடம் "இருக்கே, ஏணி போட்டு எடுத்துக்கோங்க" என்று சொல்லும் மனிதரை நீங்கள் எந்த வீட்டிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். சொன்னால் அடி விழும். ஆனால் மென்பொருள் எழுதும் அலுவலகங்களில் அவருக்குத் தனி நாற்காலியும் சம்பளமும் பதவி உயர்வும் உண்டு. இந்த இனத்துக்கு 'ஒளித்துவைப்பவர்' என்று நான் பெயர் சூட்டியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒளித்துவைப்பவருக்கு அலுவலகத்தில் 'பூட்டு' என்று பட்டப்பெயர். மருத்துவமனைகளில் யார் எப்போது வரவேண்டும் என்று நேரம் ஒதுக்கும் மென்பொருள் ஒன்றை எழுதியவர். அதில் செட்டிங்ஸ் என்ற பக்கத்தைத் திறந்தால் இரண்டே விஷயங்கள் இருக்கும்: மொழி, பின்னணி நிறம். நிறத்தில் மட்டும் தாராளம். நீலத்திலேயே வெளிர், அடர், இரண்டும் கெட்டான் என்று வகைவகையாகக் கிடைக்கும். மற்றதெல்லாம்? கணினியே கண்ணில் காட்டாத ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் ஒரு ஃபைல், அதற்குள் வரிவரியாக எழுத்து, அதில் ஒரு காற்புள்ளி தவறினால் மென்பொருள் மொத்தமும் படுத்துவிடும்.

ஏன் இப்படி என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

"அதெல்லாம் அட்வான்ஸ்ட் செட்டிங் சார். எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வெச்சா குரங்கு கையில பூமாலை ஆயிடும்."

"தேவைப்படுறவங்க என்ன பண்ணுவாங்க?"

"தேவைப்படுறவங்க தேடிக்கிட்டு வருவாங்க."

யாரைத் தேடி? அவரைத்தான். "இதெல்லாம் நீங்க தொடாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று பெருமூச்சோடு சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு களை!

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இருக்கிற பொத்தானையெல்லாம் திரையில் கொட்டிவிட்டு, இதில் எதையாவது அமுக்கிப் பிழைத்துக்கொள் என்று நம்மைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்களை வேறொரு நாள் திட்டலாம்.

பூட்டின் அக்கா கால்நடை மருத்துவர். தம்பி எழுதியது என்ற பாசத்தில் அதே மென்பொருளைத் தன் மருத்துவமனையில் போட்டுக்கொண்டார். அதற்கு ஒரு குணம் உண்டு. 'இன்று வருகிறீர்களா?' என்று செய்தி அனுப்பும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால், ஆள் வரவில்லை என்று முடிவுகட்டி வருகையை ரத்து செய்து, அந்த இடத்தை அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் காலில் ஒரு கட்டி வந்த பூனையை வைத்திருந்தார். அவர் போனில் பேசுவார், படிக்க மாட்டார். அறுவை சிகிச்சை இரண்டு முறை ரத்தானது. கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

அக்கா போன் செய்தார். "இந்தத் தானா ரத்து பண்றதை எங்கடா நிறுத்தறது?"

"அது உனக்கு வேணாம்க்கா, நான் சனிக்கிழமை வரேன்."

"எங்க இருக்குன்னு சொல்லு, நானே மாத்திக்கறேன்."

"நீ தெரியாம வேற எதையாவது தொட்டுட்டா?"

நாய் விழுங்கிய சாவிக்கொத்தை வயிற்றைக் கிழித்து எடுத்துத் தைத்து அனுப்புகிறவர் அந்த அக்கா. அவர் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டால் உலகம் அழிந்துவிடுமாம்!

சனிக்கிழமை என் நாய்க்கு ஊசி போட நானும் அங்கே போயிருந்தேன். பூனைக்கும் அன்றுதான் மூன்றாவது முறையாக நாள் குறித்திருந்தார்கள். பூட்டு வந்தார், ஃபைலைத் திறந்தார், ஒரு வரியை மாற்றினார், "முடிஞ்சுது" என்றார். உடனே யாருக்கோ ரத்துச் செய்தி போனது. மறுபடி மாற்றினார். மறுபடி ரத்து. அப்புறம்தான் அவருக்கே ஞாபகம் வந்தது: எங்கேயோ ஒரு கெட்டிக்கார நர்ஸ் அந்த ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டதால், போன முறை மென்பொருளைப் புதுப்பித்தபோது அதை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார். இத்தனை நேரம் அவர் திருத்திக்கொண்டிருந்தது செத்த ஃபைல். புதியது எங்கே? யாருக்கும் தெரியாத இடத்தில். அந்த யாருக்கும் என்பதில் அவரும் அடக்கம்.

அந்த நேரம் பார்த்து டிரைவரின் சட்டைப்பையில் போன் முனகியது. பக்கத்தில் இருந்த நான் வாங்கி உரக்கப் படித்தேன். 'நீங்கள் வராததால் உங்கள் வருகை ரத்து செய்யப்பட்டது.' பூனை அவர் மடியில் இருந்தது.

"அப்போ நாங்க கெளம்பணுமாம்மா?" என்று கேட்டார் அந்த மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா நேரே போய்க் கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். பூனையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தம்பியிடம் திரும்பினார்.

"நாங்களே மாத்திக்கிட்டா உன்னை யாருடா கூப்பிடுவாங்கன்னு பயம் உனக்கு. அதுக்கு இந்தப் பூனையாடா கெடைச்சுது? உக்காந்து, ரத்தான ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேளு."

கேட்டார். மத்தியானம்வரை கேட்டார். எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமாக இல்லை. பூனை பிழைத்துக்கொண்டது.

சிரித்தாயிற்றா? இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். தண்ணீர் மோட்டாரை எப்படித் தட்டினால் ஓடும், வைஃபை கடவுச்சொல் என்ன, காப்பீட்டுக் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் ஒருவருக்குத்தானே தெரியும்? சொல்லிக் கொடுக்க நேரமில்லை, சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது, சரி. போன வாரம் நீங்கள் வெளியூர் போயிருந்தபோது வீட்டில் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டதும், உங்கள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது?