தாப்பா அக்கா கண்டுபிடித்த ஓட்டை

தாப்பா அக்கா நம்பிய கதவு கள்ளக்குறிச்சியில் ஒன்றுகூடக் கிடையாது. வடக்கனந்தலிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டுத் தாழ்ப்பாளைப் போட்டோமா என்று சந்தேகம் வந்து, பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போன நாட்கள் உண்டு. டிபன் பாக்ஸ் மூடியைக்கூட மூன்று முறை அழுத்திப் பார்ப்பார். தாழ்ப்பாளை ‘தாப்பா’ என்பார்; அதுவே பெயராகி, சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போனது. எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில், நாங்கள் எழுதியதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வேறு எந்த வேலை அவருக்குப் பொருந்தும்?

அப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நான் இணையதளம் எழுதியிருந்தேன். ரிசல்ட் வாங்க யாரும் கல்வராயன் மலையிலிருந்து பஸ் மாறி இறங்கி வர வேண்டாம், போனிலேயே பார்க்கலாம். முதல் வாரத்து ரிசல்ட்டுகளை ஏற்றியாகிவிட்டது. மறுநாள் திறப்பு.

"சார், இது தொறந்து கெடக்குது" என்று முதலாளியிடம் போய் நின்றார் அக்கா.

ஒரு தளத்துக்குள் நுழைந்ததும் அது நம் போனில் போட்டு வைக்கும் அடையாளச் சீட்டுதான் குக்கீ. நான் அதில் நோயாளியின் வரிசை எண்ணை அப்படியே வைத்திருந்தேன். எண்ணை மாற்றினால் அடுத்தவர் ரிசல்ட் திறக்கும்.

முதலாளி சிரித்தார். "இன்னாம்மா நீ! இந்த ஊர்ல எவன் குக்கீயத் தோண்டிக்கினு இருக்கப் போறான்?"

"நீங்களே ஒரு நம்பர மாத்திப் பாருங்க சார்."

மாற்றினார். ஒரு பெண்ணின் பெயர் வந்தது. வெள்ளிமலைப் பக்கம் ஊர், வயது பத்தொன்பது, கர்ப்பப் பரிசோதனை. முடிவை நாங்கள் படிப்பதற்குள் அக்கா துப்பட்டாவை உருவி மானிட்டர் மேல் போர்த்திவிட்டார். போர்த்திய வேகத்தில் மவுஸ் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"யாரோ வூட்டுப் பொண்ணு சார். இத்த அவ அம்மாகிட்டயே சொன்னாளோ இல்லியோ."

முதலாளி அந்த நிமிடமே தளத்தை நிறுத்தச் சொன்னார். நிலையத்துக்குப் போன் போட்டு, நாளை திறப்பு இல்லை என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு எழுதுனது இத?"

நான் குனிந்து, கீழே கிடந்த மவுஸை எடுத்தேன்.

"நாங்கதான் சார்" என்றார் அக்கா. "ரெண்டு நாள் குடுங்க, சரி பண்ணிடறோம்."

அதில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. அந்த இரண்டு நாளும் நான் எழுத எழுத, "இல்லப்பா, இன்னும் தொறக்குது" என்று உடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எந்த எண்ணை மாற்றியும் அடுத்தவர் ரிசல்ட் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு சென்னையில் பெரிய ஆபீசுகளில் எல்லாம் இருந்துவிட்டேன். நான் செய்த தப்புக்கு "நாங்கதான்" என்று சொல்ல இன்னொருவர் எனக்குக் கிடைக்கவில்லை.