வாசற்காலுக்கு நூறு கையெழுத்து

ஒரு காட்டில் கலைக்கூடம் ஒன்று இருந்தது. முன்பு வௌவால்கள் குடியிருந்த குகைதான் அது. உள்ளே காட்சிக்கு இருந்தது ஒன்றே ஒன்று: கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் பழைய வாசற்கால். கதவு கிடையாது, சுவர் கிடையாது. பக்கத்து அட்டையில் ‘இன்மை – 7. கலைஞர்: அம்பலவாணன்’ என்று போட்டிருந்தது. அம்பலவாணன் ஒரு முள்ளம்பன்றி.

வந்த ஆடுகள் வாசற்காலைப் பார்த்தன, அட்டையைப் பார்த்தன, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டன.

காட்டுப் பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நூறு பேர் படிவத்தில் ‘புரிந்தது’ என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் குகை ரேஷன் கடையாகிவிடும்.

பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வது மைனா தங்கபுஷ்பத்தின் வேலை. அவள் பதறிப்போய் அம்பலவாணனிடம் பறந்தாள்.

“அண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்?”

“பொருளின் இன்மையில் இன்மையே பொருளாகிறது” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

தங்கபுஷ்பத்துக்குத் தலை சுற்றியது. இதைப் போய் ஆடுகளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் செவந்தி என்ற எருமை வந்தாள். மைனா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “வெள்ளத்துல ஒரு வீடு அடிச்சிட்டுப் போயிடுச்சுக்கா. வாசல் மட்டும் மிச்சம். வீட்டுக்காரங்க இன்னும் அது வழியாத்தான் போயிட்டு வர்றாங்க.”

செவந்தி அசைபோடுவதை நிறுத்தினாள். “போன ஐப்பசியில என் கொட்டகையும் இப்படித்தான்டி போச்சு.” தலையைக் குனிந்து வாசற்கால் வழியாக ஒரு தடவை நடந்தாள். டிக் அடித்துக் குளம்பைப் பதித்தாள்.

அவள் போய்ச் சொன்னதும் கூட்டம் வந்தது. வரிசை ஓடைவரை நின்றது. ஆடுகள் கால் தூசியைத் தட்டிவிட்டு வாசற்காலுக்குள் நுழைந்தன.

வெள்ளி சாயங்காலம் தொண்ணூற்றொன்பது கையெழுத்து சேர்ந்திருந்தது. பஞ்சாயத்து குமாஸ்தா உடும்பு, “நேரமாச்சு” என்று மை டப்பாவை மூடப்போனார். கையெழுத்துப் போடாமல் அங்கே மிச்சமிருந்தது அம்பலவாணன் மட்டும்தான்.

“நீங்க போடுங்கண்ணே!” என்றாள் தங்கபுஷ்பம்.

“வெள்ளமா? நான் அதை நினைக்கவே இல்லையேம்மா. எனக்குப் புரியல. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்.”

தங்கபுஷ்பத்தின் சிறகு தொங்கிவிட்டது. “நான்தாண்ணே இட்டுக்கட்டினேன்” என்றாள்.

செவந்தி குறுக்கே வந்தாள். “தம்பி, பேசாம இது வழியா ஒரு தடவை நடங்க.”

அம்பலவாணன் நடந்தார். முட்கள் மரத்தில் உரச, சிரமப்பட்டு மறுபக்கம் வந்தார்.

“அங்க யாரு இருக்கா?” என்று கேட்டாள் செவந்தி.

“யாருமில்ல.”

“அதான் தம்பி.”

அம்பலவாணன் திரும்பி வாசற்காலை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். “யாரு செஞ்சது இது? பிரமாதமா செஞ்சிருக்கான்!” என்றபடி டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

உடும்பு முத்திரை குத்தினார். மைனா கூரைவரை எகிறிப் பறந்தாள்.

நீதி: நவீனக் கலை யாருக்கும் புரியும், செய்தவருக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.