எட்டாயிரம் மேற்கோள் சாமி

மலேசியாவின் கோலசிலாங்கூர் மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. வந்திருப்பவர் சாமியார் அல்ல, அதைவிடப் பெரியவர். புரொபசர் டாக்டர் புனிதன். வாசல் பேனரில் அவர் முகத்தைவிடப் பெரிதாக ஓர் எண்: 8614. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை உலக அறிஞர்கள் தங்கள் கட்டுரைகளில் அத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். நெல், பாலம், இதயம், நட்சத்திரம், இறால் என்று அவர் ஆராயாத துறை இல்லை. ஜனங்களுக்கு மேற்கோள் என்றால் என்னவென்று தெரியாது. எண் என்றால் தெரியும். பாதிப் பேர் அந்த நான்கு இலக்கத்தை நம்பர் கடையில் லாட்டரிக்கு எழுதிவிட்டுத்தான் மண்டபத்துக்கே வந்திருந்தார்கள்.

புரொபசர் ஒரு பொடி விற்றார். குடித்தால் செத்த சிறுநீரகம் பிழைக்கும், டயாலிசிஸ் வேண்டாம். விலையைக் கேட்டால் மாரடைப்பு வரும். அதற்கும் தனியாக ஒரு கட்டுரை வைத்திருந்தார்.

முன்வரிசையில், மடியில் பொடி டப்பாவுடன், ஓய்வுபெற்ற லோரி டிரைவர் இருசப்பன். வாரம் மூன்று முறை இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்வதால் உயிரோடிருப்பவர். நாளை அவருடைய முறை; அழைத்துப்போக வேன் வரும். போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். பக்கத்தில் அவர் மகள் விஷாலினி, உயிரியல் ஆசிரியை.

"ப்பா, நாளைக்குப் போகலைன்னா நுரையீரல்ல தண்ணி ஏறிடும்."

"எட்டாயிரம் பேரு சொல்லிருக்கான் லா. ஒன்னய எத்தன பேரு மேற்கோள் காட்டிருக்கான்?"

"எட்டாயிரம் பேரு இல்லப்பா, தேடிப் பாத்துட்டேன். பத்தே பேரு. இவரு அவங்களக் காட்டுவாரு, அவங்க இவரக் காட்டுவாங்க. கல்யாண மொய் மாதிரி."

"மொய் வைக்கவும் ஆளு வேணும்ல. ஒனக்கு யாரு வச்சா?"

விஷாலினி எழுந்துபோய் மைக்கை வாங்கினாள். குரலில் அவ்வளவு பணிவு.

"புரொபசர், நம்ம ஆத்தோர மின்மினிப் பூச்சிக்குப் பழுதான சிறுநீரகத்த இந்தப் பொடி சரி பண்ணுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அந்தக் கட்டுரையப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

புரொபசர் கண்மூடிப் புன்னகைத்தார். "என் மனசுக்கு நெருக்கமான ஆய்வும்மா அது. அஞ்சே நாள். ரெண்டு சிறுநீரகமும் புதுசு மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு மட்டும் ஏழு துறையில மேற்கோள் வந்திருக்கு."

கைதட்டல் எழுந்தது.

"அப்படி ஒரு கட்டுரையே இல்ல, புரொபசர். இப்பத்தான் நானே உண்டாக்குனேன். மின்மினிக்குச் சிறுநீரகமும் இல்ல."

கைதட்டல் நின்றது. ஏழு துறைகளும் ஒரே நெற்றியில் வியர்த்தன.

"அதாவது... இல்லைங்கிறதத்தாம்மா நான் கண்டுபிடிச்சேன்."

"இல்லாததையா அஞ்சு நாள்ல சரி பண்ணீங்க?" பின்வரிசையிலிருந்து கேட்டாள் பக்கத்து ஊரான பாசிர் பெனம்பாங்கின் மீன் வியாபாரி புஷ்பா. மண்டபமே சிரித்தது.

புரொபசருக்கு வெளிநாட்டில் ஓர் அவசர மாநாடு நினைவுக்கு வந்தது. கார் கிளம்பிய பிறகும் சிலர் விடவில்லை: "அவ்ளோ படிச்ச மனுஷன், ஒரு பூச்சியில தப்பு வராதா?"

இருசப்பன் டப்பாவை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு வேன் எத்தன மணிக்கு?"

"ஆறரைக்கு ப்பா."

"எழுப்பி விடு."

சிறுநீரகம் நின்றுபோனால் அதன் வேலையைச் செய்ய இயந்திரம் இருக்கிறது. மூளைக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே இருப்பதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.