குறுக்குக் காற்று மாஸ்டர்

லெஸ்கோவாட்ஸ் ஊரின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாஸ்டர் ராடிவோயின் கடை. அவர் பொறுக்கித் தரும் பாகங்களால் செய்த கம்ப்யூட்டரில் விளையாடினால் தோல்வியே கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. கடை திறக்குமுன்பே வரிசை நிற்கும். பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டு தேர்ந்த பாகங்களைச் சொல்ல வாயெடுத்தால் மாஸ்டர் கையமர்த்துவார். திரையில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக் கண்ணை மூடுவார்.

"இதுக்கு நெஞ்சு பலவீனம்." அடுத்ததை ஒற்றுவார். "இது தாங்கும். விலைதான் கொஞ்சம் கூட."

தாங்குகிற கார்டு எப்போதும் விலை கூடியதாகவே இருந்தது. அது அதன் பிறவிக் குணம்போலும்.

கார்டுக்கு எமன் யார்? குறுக்குக் காற்று. இந்த ஊரில் கழுத்துப் பிடிப்பு, பல்வலி, பிள்ளையில்லாக் குறை எல்லாவற்றுக்கும் காரணம் எதிரெதிரே திறந்த இரண்டு ஜன்னல்கள். கொளுத்தும் ஆகஸ்டில் பேருந்து ஜன்னலைத் திறப்பவனைக் கொலைகாரனைப்போல் பார்ப்பார்கள். மனிதனுக்கே ஆகாத காற்று கம்ப்யூட்டருக்கு ஆகுமா? ஆகவே மாஸ்டர் பெட்டியின் விசிறிகளைக் கழற்றித் தானே வைத்துக்கொண்டார். ஓட்டைகளைக் கம்பளியால் அடைத்துக் கொடுத்தார். ஜனங்கள் கைகுலுக்கி நன்றி சொன்னார்கள்.

குழுவோடு கம்ப்யூட்டர் ஆட்டப் போட்டிகளில் ஆடும் டூன்யாவும் சொன்னாள். ஸ்கூட்டரை விற்று வாங்கிய கார்டு, ஆட்டத்தின் நடுவே அணைந்தது. "யாரோ ஜன்னலத் திறந்திருக்காங்க," என்றார் மாஸ்டர். செத்த கார்டு வீட்டிலிருந்தால் மற்றதற்கும் ஒட்டுமாம். அதையும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். கடன் வாங்கிப் போட்ட இரண்டாவது கார்டும் நேற்று அணைந்தது.

குழுத்தலைவன் டிஹோமிர் போனில் வந்தான். "சனிக்கிழமை அரையிறுதி. மறுபடியும் பாதியில காணாமப் போனா உன் இடத்துல வ்ரான்யே ஊர்ப் பையனப் போட்டுருவேன். அப்புறம் மூஞ்சத் தூக்காத."

அம்மா நேவெங்கா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் இந்த வருஷம் கடலுக்குப் போகலடி. அந்தக் காசுல இன்னொண்ணு வாங்கு. மாஸ்டர் கைராசிக்காரரு."

வருஷம் முழுக்க மிளகாய் ஆலையில் நிற்பவளுக்கு அந்த ஒரு வாரக் கடல்தான் உண்டு.

டூன்யா கம்ப்யூட்டரைப் போட்டாள். எரிந்தது, சற்றுநேரத்தில் அணைந்தது. கார்டைக் கழற்றக் கையை விட்டாள். விரல் சுட்டது. குளிர்காற்று பட்டுச் செத்தது ஏன் இப்படிக் கொதிக்கிறது? விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அந்த ஊரில் வெகுநாளாக யாரும் செய்யாத காரியம்.

மறுநாள் பெட்டியோடு கடைக்குப் போனாள்.

"பொணத்த எதுக்கும்மா தூக்கிட்டு வந்த?" என்றார் மாஸ்டர். வரிசை சிரித்தது.

"ஒரு தடவ போட்டுப் பாக்கலாம் மாஸ்டர்."

திரை எரிந்தது. சிரிப்பு நின்றது. ஆட்டம் கொஞ்சம் ஓடியது, பிறகு அணைந்தது.

"பாத்தீங்களா, கடைசி மூச்சு," என்றார் மாஸ்டர்.

டூன்யா பெட்டியின் பக்கப்பலகையைக் கழற்றினாள். வரிசையில் முதலில் நின்ற பெரியவரிடம், "தொட்டுப் பாருங்க," என்றாள்.

அவர் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "என்னம்மா இது, கறி சுடலாம்போல இருக்கு."

"குளிர்காத்து பட்டுச் செத்தா இப்படியா இருக்கும்?"

கம்பளியைப் பிடுங்கினாள். வாசல் கதவை விரியத் திறந்தாள். பின்னறைக் கதவையும் திறக்கப் போனாள்.

"அங்க போகாத," என்றார் மாஸ்டர். அவசரமாகக் குறுக்கே கையை நீட்டினார்.

திறந்தாள். பின்னறை ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது. காற்று கடைக்குள் குறுக்கே பாய்ந்தது. "சாத்தும்மா, எனக்குக் கழுத்து இருக்கு," என்று பெரியவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஆறவிட்டு மறுபடி போட்டாள். பிணம் எழுந்தது. ஒரு முழு ஆட்டம் ஆடியது. இன்னொன்றும் ஆடியது.

ஆனால் வரிசை இப்போது திரையைப் பார்க்கவில்லை. பின்னறையைப் பார்த்தது. அங்கே மாஸ்டரின் சொந்தக் கம்ப்யூட்டர், பலகையே இல்லாமல், ஊரார் விசிறிகள் சூழச் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் செத்ததென்று ஊரார் கொடுத்த கார்டுப் பிணங்கள். பாதிக்குப் புத்தம்புது உறை போட்டாயிற்று.

"என் கார்டு," என்றான் ஒருவன். "மூலை உடைஞ்சிருக்கு பாரு. இதத்தான் என் மச்சானுக்குக் கன்னத்துல வச்சுப் பாத்துக் குடுக்க இருந்தியா?"

மாஸ்டர் வாசலைப் பார்த்தார். வாசலில்தான் வரிசை நின்றது.

சனிக்கிழமை டூன்யா கடைசிவரை ஆடினாள். அடுத்த வாரம் அம்மா கடலுக்குப் போனாள்.

ஆனால் அன்று, தத்தம் கார்டையும் விசிறியையும் மீட்டுக்கொண்டு எல்லோரும் கிளம்பியபோது, பெரியவர் திரும்பிப் போய் ஜன்னலை இறுகச் சாத்தினார். "மெஷினுக்குச் சரி. மனுஷனுக்கு ஆகாது." எல்லோரும் தலையாட்டினார்கள்.

பெட்டியில் அடைத்த கம்பளியைப் பிடுங்கியாயிற்று. மண்டையில் அடைத்ததை எப்போது பிடுங்குவதாக உத்தேசம்?