எச்சரிக்கை ஒழிப்புப் பெருவிழா

மனித குலம் கண்ட நிர்வாகச் சாதனைகளில் தலையாயது சென்ற மாதம் காஞ்சிபுரம் செவிலிமேட்டில், டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் மாடியில் நிகழ்ந்தது. எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் எச்சரிக்கைகள் ஒழிக்கப்பட்டன.

நாங்கள் எழுதும் சி புரோகிராம், சேலை டிசைனை மெமரி கார்டில் ஏற்றும். கார்டைத் தறியில் செருகினால் முந்தானையில் அன்னம் வரும். ஏற்றி முடித்ததும் கணினி, ‘இவ்வளவுதான் எழுத முடிந்தது’ என்று ஒரு பதில் தரும். அதை நாங்கள் கேட்பதில்லை. ‘கேளுங்கள்’ என்று, நாங்கள் எழுதியதைக் கணினி மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் பக்கம் பக்கமாக எச்சரித்துக்கொண்டிருந்தது.

“பாதியில நின்னாலும் நமக்குத் தெரியாது சார். செக் பண்ணணும்” என்றாள் புரோகிராம் எழுதும் துளசி.

“செக் பண்ணிக்கினு இருந்தா டெலிவரி இன்னா ஆவறது? அது எர்ரர் இல்லமா, வார்னிங்” என்றார் மேலாளர் குமரகுரு. “பதில வாங்கி ஒரு வேரியபிள்ல போடு. கம்பைலர் வாய மூடிக்கும்.”

“போட்டுட்டு?”

“போட்டுட்டு இன்னா? போட்டாச்சு.”

பதிலைப் போட்டு மூடிவைக்கும் அந்த வேரியபிளுக்குச் ‘சும்மா’ என்று பெயர் சூட்டப்பட்டது. கம்பைலர் அடங்கியது. குமரகுருவுக்குச் சால்வையும் ‘தர நாயகன்’ பட்டமும் வழங்கிக் கேசரி சாப்பிட்டோம்.

கேசரி செரிப்பதற்குள் ஓரிக்கையிலிருந்து நெசவாளர் அம்சவேணி செல்போன் படத்தோடு வந்துவிட்டார்.

“இன்னாபா இது? அன்னம் கழுத்து வரிக்கும் வருது, அதுக்கு மேல வெறும் பட்டா ஓடுது. ரெண்டு தபா கார்ட மாத்தியும் அதே கதி. வெள்ளிக்கிழம முகூர்த்தம். இந்த ஆர்டர் போச்சுன்னா தறிய நிறுத்த வேண்டியதுதான்.”

“ஏத்தி முடிச்சதும் ஸ்கிரீன்ல ‘வெற்றி’ன்னு வருதேமா” என்றார் குமரகுரு.

“ஸ்கிரீனையா பொண்ணு கட்டிக்கினு மணையில உக்காரும்?”

குமரகுரு கண்களை மூடி, தலையை ஆட்டி, அவர் சொன்னது முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

“நோட் பண்ணிக்கினோம்மா.”

“பண்ணிக்கினு?”

“பண்ணிக்கினு இன்னா? பண்ணியாச்சு. வெறும் பட்டுதான்மா இப்ப ஃபேஷன்.”

வெள்ளிக்கிழமை மணப்பெண் கடையில் எடுத்த வேறு சேலையில் மணையேறினாள். சனிக்கிழமை அம்சவேணி வந்து, தறியிலிருந்து அறுத்த முந்தானையை மேலாளர் மேஜைமேல் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எச்சரிக்கை எதுவும் இல்லாததால் விஷயம் முடிந்ததாக முடிவு செய்யப்பட்டது.

முந்தானையை வீணாக்கவில்லை. கண்ணாடி போட்டு, குமரகுருவின் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறோம். உடம்பெல்லாம் சரிகை, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. புதிதாக வருகிறவர்கள் சுவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாரின் படத்தை இவ்வளவு தத்ரூபமாக நெய்தது யார் என்று கேட்கிறார்கள்.